நல்ல குவியல்

பூஜ்யம் என்றுதான் இருந்தது. ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள், ஏதோ கண்ணாடி சுத்தமானால் பூஜ்யம் வேறு எண்ணாகிவிடும் என்பதுபோல. ஆகவில்லை. மோசடி மெயிலை வடிகட்டும் விதி ஒன்றின் பக்கம் அது. எழுதியவர் கார்வேந்தன். கெட்ட குவியலில் பிடித்தவை ஆயிரக்கணக்கில். நல்ல குவியலில் பிடித்தவை பூஜ்யம். ஒப்புதல் கொடுத்தவர் ஜெசிந்தா மச்சாது. பக்கத்தில் பச்சையாக ஒரு டிக். இதைவிட ஒழுங்கான பக்கம் இந்த ஆபீசில் இருக்க முடியாது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைக் காட்டித்தான் அவளே பாடம் நடத்தியிருக்கிறாள், விதி என்றால் இப்படி இருக்கணும் என்று. டீ வந்து ஆறிப் போயிருந்தது. கொஞ்சம் முன்னால்தான் புகார்ப் பிரிவு ஷர்மிளா வந்து மேஜையில் சாய்ந்துகொண்டு, "தூத்துக்குடியிலேர்ந்து ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் போன்ல கத்துறாரு மேடம். கப்பல்ல வேலை பாக்குற பசங்க வீட்டுக்குப் போடுற மெயில் ஒண்ணுகூட போய்ச் சேரலையாம். மாசக்கணக்கா. உங்க ஊர்க்காரர்தானே, நீங்களே பேசிடுறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். பேசுகிறேன் என்று இவளும் சிரித்தாள். எந்த விதி இதைச் செய்திருக்கும் என்று தேடினாள். வந்து நின்றது இந்த விதி. சாட்டிலைட் வழியாக வந்து, தலைப்பு இல்லாமல், நாலைந்து வரியோடு, அனுப்பியவர் பெயர் ஒன்றும் முகவரி இன்னொன்றுமாக இருக்கும் மெயிலை வாசலோடு தடு. நடுக்கடலில் தங்கத்தோடு மாட்டிக்கொண்ட கேப்டன் உங்கள் உதவியை நாடுகிறார் என்று போன டிசம்பரில் ஒரு மோசடி அலை அடித்ததே, அதற்காகக் கார்வேந்தன் எழுதியது. நல்ல விதி. நல்ல விதிதான். பூஜ்யம். கப்பலில் இருக்கும் பையன்களின் மெயில் வேறு எப்படி இருக்கும் என்று அப்போது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் யோசித்திருக்கலாம். சாட்டிலைட் வழியாகத்தான் வரும். தலைப்பு இருக்காது. நாலைந்து வரிதான் இருக்கும். பெயர் பையனுடையது, முகவரி கப்பலுடையது.

யோசிக்க வேண்டியவளே அவள்தான், ஏனென்றால் அவள் தம்பி கப்பலில் இருக்கிறான். இதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் யாரோ காதுக்குள் வந்து சொன்னதுபோல இருந்தது. மெல்கி கப்பலில் இருக்கிறான். மெல்கி அவள் ஆபீஸ் முகவரிக்கு மெயில்தான் போடுவான், அந்தப் பழைய கப்பல்களில் வேறு வழி கிடையாது, கேப்டன் அறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குக் கொஞ்ச நேரம். இந்த ஆபீசின் மெயிலுக்கும் இந்த ஆபீசின் வடிகட்டிதான் காவல், நம்ம சமையலை நாமே சாப்பிடணும் என்று மீட்டிங்கில் கைதட்டலோடு முடிவானது. பெறுநர் என்ற கட்டத்தில் அவள் விரல் தன் முகவரியைத் தட்டியது. தட்டும்போதே வேண்டாம் என்று தோன்றியது. ஒன்றும் இருக்காது, அவன் எழுதவே இல்லை, எழுதாதவனின் மெயிலை எந்த விதி தடுக்கும், இப்போது காலி என்று வரும், டீயைச் சூடுபண்ணிக் குடித்துவிட்டு ஏஜென்டுக்குப் போன் போடலாம். பட்டியல் வந்தது. மெல்கி. மெல்கி. மெல்கி. மெல்கி. திரை கொள்ளாமல் கீழே இறங்கிப் போயிற்று. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். ஏசி உறுமிக்கொண்டிருந்தது, எப்போதும் உறுமுவதுதான், இன்றைக்குத்தான் அது எந்த உறுமல் என்று தெரிந்தது. அப்பாவின் உடலை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் உறுமல். இராப்பகலாக வீட்டு நடுவில் உறுமிக்கொண்டு, யாராவது அழுகையை நிறுத்தும்போதெல்லாம் பெரிதாகக் கேட்டுக்கொண்டு. எழுந்து போய் ஏசியை அணைக்கலாமா என்று பார்த்தாள். இந்தத் தளம் முழுக்க ஒரே ஏசி, அதன் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

தடுத்த மெயிலை ஒரு மாதம் வைத்திருப்பார்கள், பிறகு உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வெறும் வரியை மட்டும் விட்டுவைப்பார்கள். அனுப்பியவர், தேதி, எந்த விதி பிடித்தது. மெல்கியின் வரிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. ஜனவரி அழிந்துவிட்டது. பிப்ரவரி அழிந்துவிட்டது. தவக்காலம், குருத்து ஞாயிறு, ஈஸ்டர் எல்லாம் அழிந்துவிட்டது. மே மாதத்தில் ஞாயிறுகள் நின்றுபோயிருந்தன, அப்புறம் கொஞ்ச நாள் ஒன்றுமே இல்லை, அப்புறம் போன வாரம் ஒரு புதன்கிழமை ஒன்றே ஒன்று. அது மட்டும் கறுப்பாக இருந்தது. அதைத் திறக்கலாம். அவள் திறக்கவில்லை. சுட்டியின் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறவன் புதன்கிழமை ஏன் எழுதினான். பாக்கி ஞாயிறுகளில் ஏன் எழுதவில்லை. கை வலித்ததா, மனசு வலித்ததா. ஏட்டி மெல்கி எழுதுனானா என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னால் கேட்பாள். இல்லம்மா, அவனுக்கு வீம்பு, எழுத மாட்டான் என்று இவள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். "கோவம் இருந்தாலும் கை இருக்குமேட்டி. ஒரு வரி எழுதாம இருக்க மாட்டான் எம்புள்ள," என்று அம்மா சொன்னபோது, உன் பிள்ளையை நீதான் மெச்சிக்கணும் என்று வெடுக்கென்று சொன்னாளே. எத்தனை தடவை சொன்னாள். அத்தனை தடவையும் அந்த மெயில் இவள் வீட்டு வாசல்வரை வந்து, இவள் நிறுத்திவைத்த காவல்காரனிடம் கழுத்தில் கைவைக்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. திரும்பிக்கூடப் போகவில்லை. போய்ச் சேரவில்லை என்று அனுப்பியவனுக்கு ஒரு சேதியும் போகாது, மோசடிக்காரன் உஷாராகிவிடுவானாம். அதுவும் இவள் போட்ட ஏற்பாடுதான். தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானைகூட ஒரு துதிக்கைதான் போடும்.

ஆனால் பூஜ்யம் எப்படி வந்தது. அவள் மனசு மறுபடி அங்கேயே போய் முட்டியது, பூட்டிய கதவில் ஆடு முட்டுகிற மாதிரி. நல்ல குவியலில் கப்பல் மெயில் இருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரியும், இருந்தது, அவளே போட்டது. இந்த ஆபீசில் ஒரு வழக்கம், வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் தங்களுக்கு வந்த சொந்த மெயிலில் கொஞ்சம் எடுத்துப் பொதுவில் கொடுக்க வேண்டும், எல்லாம் நல்ல மனுஷர்கள் எழுதிய நல்ல மெயில்களாக. புது விதி எதுவானாலும் அந்தக் குவியலில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், ஒன்று இரண்டுக்கு மேல் நல்லதைக் கடித்தால் விதி தேறாது. பிடியரிசி என்று அதற்குப் பெயர் வைத்தவளே ஜெசிந்தாதான். உலையில் போடும் முன்னால் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் போடுவாள் அம்மா, அதுபோல. மற்றவர்கள் பாங்க் ஸ்டேட்மெண்டும் பிறந்தநாள் வாழ்த்தும் போட்டார்கள். இவள் மெல்கியைப் போட்டாள். அவன் எழுதுவதில் ஒளித்துவைக்க ஒன்றும் இருக்காது. அக்கா சாப்ட்டேன். மழை. கப்பல் ரொம்ப ஆடுது. சமையல்காரன் கோவாக்காரன், எல்லாத்துலயும் தேங்காப்பால் ஊத்துறான். அப்பாட்ட சொல்லு. அவ்வளவுதான் ஒரு மெயில். அப்படி ஒரு பிடி. இந்த அறுபது எழுபது பேரில் கப்பலோட்டியின் அக்கா இவள் ஒருத்திதான், ஆகவே குவியலில் கடல் என்று இருந்தது மெல்கி மட்டும்தான். அப்புறம் அப்பா போனார். துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய மனுஷன், படுத்த இரண்டாம் நாளே போய்ச் சேர்ந்தார். நான் வாரேன், எடுத்துறாத, ஃபுஜைராவுல எறங்கி ப்ளைட் புடிச்சு வாரேன், ரெண்டு நாள் வை என்று மெல்கி எழுதியிருந்தான். வைத்திருக்கலாம். சொந்தக்காரர்கள் இன்னும் எம்புட்டு நேரம் என்று கேட்டார்கள், சாமியார் கேட்டார், அந்தப் பெட்டி உறுமியது. அவளால் அந்த உறுமலைத் தாங்க முடியவில்லை, அதுதான் நிஜம், மற்றதெல்லாம் சாக்கு. எடுத்துவிட்டார்கள். நான் வாரதுக்குள்ள மண்ணப் போட்டுட்டியேக்கா என்று அவன் எழுதினான். அந்த ஒரு வரிதான். அதைப் படித்த கையோடு அவள் செய்த முதல் காரியம், பிடியரிசிப் பக்கத்துக்குப் போய்த் தம்பியின் மெயில்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டதுதான். அவன் தேங்காய்ப்பாலை ஊராருக்குக் காட்டிக்கொண்டிருக்க அவளுக்கு என்ன உரிமை என்று தோன்றியது. காரணம் சொல்லாமல் யாரும் எப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி, மரியாதையான விதி. எடுத்துக்கொண்டாள். கலயத்தில் கடல் வற்றிவிட்டது. டிசம்பரில் கார்வேந்தனின் விதி வந்து அந்தக் குவியலில் முக்கி எழுந்தபோது அதன்மேல் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் படவில்லை. அதற்குப் பெயர்தான் பூஜ்யம்.

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கார்வேந்தன் கேட்டது ஓரங்கட்டத்தான். ஓரங்கட்டினால் மெயில் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும், என்றைக்காவது ஒருநாள் வெட்டிப்பொழுதில் அங்கே எட்டிப் பார்ப்போம், அட இவன் எழுதியிருக்கிறானே என்று கண்ணில் படும். "பூஜ்யம் வந்திருக்கேப்பா, அப்புறம் என்ன ஓரங்கட்டுறது? வாசலோட தடு," என்று சொன்னது இவள். அவன் தயங்கினான். கொஞ்ச நாள் ஓரங்கட்டிப் பாத்துட்டு அப்புறம் ஏத்தலாமே மேடம் என்றான். தைரியமா இரு, லட்சத்துல ஒண்ணு ரெண்டு போனா போகட்டும் என்று அவன் தோளில் தட்டினாள். தட்டிய அந்தக் கையை இப்போது மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் பழைய மருதாணி. புது வருஷத்தில் இதே கையால்தான் மெல்கிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள், கோபம் தீர்ந்ததும் எழுது, நான் காத்திருக்கேன் என்று. ஒரு டிக் கொஞ்ச நாள் நின்றது. ஏதோ துறைமுகத்தில் அவனுக்கு சிக்னல் கிடைத்திருக்க வேண்டும், ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தாள், இரண்டு நீல டிக். படித்துவிட்டான். பதில் இல்லை. அந்த நீலத்தை அவள் எத்தனை நாள் பார்த்திருப்பாள், துணி மடிக்கையில், சிக்னலில் நிற்கையில், மீட்டிங்கில் மேஜைக்கு அடியில். படித்துவிட்டு வாய் திறக்காதவன் மன்னிக்காதவன் என்று முடிவுகட்டினாள், பிறகு அந்த முடிவு பழகிவிட்டது, பழகினதும் அதில் ஒரு சௌகரியம்கூட வந்துவிட்டது, தப்பு இனி தன்மேல் மட்டும் இல்லை என்று. பட்டியலில் மேலே போய்த் தேதியைப் பார்த்தாள். நீலம் வந்த வாரத்து ஞாயிறு. அங்கே ஒரு வரி இருந்தது. மெல்கி, அழிக்கப்பட்டது. கப்பல் துறையை விட்டதும் எழுதியிருக்கிறான். என்ன எழுதினான் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கடலைக் கேட்கலாம், கோவாக்காரச் சமையல்காரனைக் கேட்கலாம். வராத மெயில் வரவில்லை என்று யாருக்குத் தெரியும், யார் வந்து புகார் கொடுப்பார்கள், ஊரில் எத்தனை அம்மாக்கள் இப்படிச் செருப்பைக் கழற்றும் முன்னால் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருப்பார்கள். அவளுக்கு அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வருகிற வாரம் அப்பாவுக்கு வருஷ பூசை. அதற்காவது வருவானா என்று அம்மா கேட்கவில்லை. கேட்பதையே அம்மா இப்போது விட்டுவிட்டாள்.

"மேடம், அந்தக் கப்பல் விதிய எடுக்கணுமாம், ஷர்மிளா சொன்னாங்க," என்று கார்வேந்தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். திருவண்ணாமலைப் பையன், எதற்கும் பதறமாட்டான், அதற்காகவே அவளுக்குப் பிடிக்கும். ஒரு விதியைப் போடுவதற்கு என்ன முறையோ அதை எடுப்பதற்கும் அதே முறைதான். ஒருவர் சமர்ப்பிக்க வேண்டும், அது நல்லதைக் கடிக்கிறது என்று காட்ட ஒரு நல்ல மெயிலாவது குவியலில் போட வேண்டும், சோதனை ஓட வேண்டும், இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். "ஏஜென்ட்கிட்ட சாம்பிள் கேட்ருக்கேன், நாளைக்குத்தான் அனுப்புவாராம். உங்ககிட்ட ஏதாச்சும் கப்பல் மெயில் இருக்கா? முன்னாடி பிடியரிசில நிறைய இருந்துச்சே." இருக்கிறது என்றாள். ஒன்று இருக்கிறது. போடலாம், ஆனால் போடுகிறவர் அதை முழுக்கப் படித்து, இது நல்ல மெயில்தான் என்று கட்டத்தில் குறிக்க வேண்டும், படிக்காமல் குறித்தால் குவியலே நாறிவிடும் என்று அவளே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள். நல்ல மெயிலா. எனக்கு இனி அக்கா இல்லை என்று எழுதியிருந்தால் அது நல்ல மெயிலா. அதுவும் நல்லதுதான், மோசடி இல்லை, மனுஷன் எழுதியது. அவன் உடம்புக்கு ஏதாவது ஆகி வேறு யாரோ அவன் பெயரில் எழுதியிருந்தால். புதன்கிழமை. கப்பலில் புதன்கிழமை எழுத என்ன அவசரம். கார்வேந்தன் பேனாவைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தான். அவள் அழுத்தினாள்.

அக்கா. சாப்ட்டேன். இங்க மழை. வருஷ பூசைக்கு வரவான்னு உன்ட்ட கேட்டு கேட்டு எழுதுனேன். அப்பாவுக்கு மண்ணுதான் போட முடியல, பூசைக்காவது ஒன்கூட நிக்கணும்னு இருந்துச்சு. நீ வான்னு சொன்னா கொளும்புல எறங்கிருப்பேன். பதில் சொல்லாததும் பதில்தான்னு எடுத்துக்கிட்டேன். ஒம்மேல கோவம் இல்ல, அது நீ வாட்ஸாப்புல எழுதுனத படிச்ச அன்னைக்கே போச்சு, அந்த ஞாயித்துக்கெழமையே அத எழுதுனேன். இன்னைக்கு இன்னும் ஒம்போது மாசத்துக்கு கையெழுத்து போட்டுட்டேன். கேப்டன் இன்னைக்கே கேட்டாரு. பூசையில எம்பேரயும் சேத்து வாசிக்க சொல்லு. அம்மாட்ட சொல்லு.

அவள் ஒரு தடவை படித்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போது புதன்கிழமை என்ற சொல் மட்டும் நின்றது. போன புதன்கிழமை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள். லீவ் போட்டுவிட்டு பூசைக்குப் பட்டியல் எழுதினாள், எழுதும்போது அவன் பெயரை விட்டுவிட்டாள், வராதவன் பெயர் எதற்கு என்று. கட்டத்தில் நல்ல மெயில் என்று குறித்தாள். குவியலில் போட்டாள். பிறகு விதியை எடுக்கச் சொல்லிச் சமர்ப்பித்தாள். கார்வேந்தன் தன் திரையில் சோதனையை ஓடவிட்டான். வழக்கம்போலப் பச்சையாகத்தான் வந்தது. நல்ல குவியலில் பிடித்தவை, ஒன்று. விதி தேறியது. "ஒண்ணுதான் மேடம் மாட்டுது," என்று அவன் தலையைச் சொறிந்தான். "நம்ம கணக்குப்படி பாத்தா விதி பாஸ்தான். ஒண்ணு ரெண்டு போனா போகட்டும்னு நீங்கதான..." அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அது என் தம்பிப்பா," என்றாள் ஜெசிந்தா.

அவன் தன் பக்கத்து ஒப்புதலை அழுத்தினான், விதி போயிற்று, நாற்காலியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு அவனும் போனான். அவள் மெல்கியின் மெயிலுக்குக் கீழே பதில் என்பதைத் தட்டினாள். எழுத எவ்வளவோ இருந்தது, அந்தப் பெட்டியின் உறுமலைப் பற்றி, அம்மாவின் செருப்பைப் பற்றி, பிடியரிசியைப் பற்றி, ஒன்பது மாதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேப்டனிடம் கேட்டுப் பாரேன் என்று. மெல்கி, நீ எழுதுன ஒண்ணும் எனக்கு வரல என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு அதன் கீழே, தடுத்தது நான்தான் என்று எழுதினாள். அதற்குமேல் வரவில்லை. அவ்வளவையே அனுப்பினாள்.